ஸ்தான்கா என்றால் தூண் அல்ல

அரிலியே,
ஜூன் 18, 2008, புதன்கிழமை.

மதிப்புக்குரிய தோழர் ஆசிரியர் அவர்களுக்கு,

தோழர் என்பது கைப்பழக்கம். இவ்வூர்ப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் எழுதிய கை இது. பதிவேட்டில் ஒருமுறை எழுதியதை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது, ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுதலாம் என்பது விதி. ஆகவே அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். தாங்கள் அதைத் திரு என்று வாசித்துக்கொள்ளவும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற யாவரும் சுகம்.

சென்ற சனிக்கிழமை, ஜூன் பதினான்காம் நாள், காலை ஒன்பது நாற்பதுக்கு, என் சமையலறையில் ஒரு நாற்காலியின் மேல் நின்றபடி, ‘பள்ளத்தாக்கு மடல்’ இதழைக் கொண்டு இனி ஜன்னல் துடைப்பதில்லை என்று நான் தீர்மானித்தேன். இது நீண்ட நாள் யோசித்து எடுத்த முடிவாக இருக்கும் என்று தாங்கள் எண்ணலாம். அப்படியல்ல. வினிகர் தெளித்த கண்ணாடியில் தங்கள் ஆறாம் பக்கத்தை வைத்து அழுத்தியபோது, அங்கிருந்து என் பெயர் என்னைப் பார்த்தது. ‘உன் பெயர் என்ன சொல்கிறது?’ என்ற தங்கள் புதிய பகுதியில் இவ்வாறு அச்சாகியிருந்தது: “ஸ்தான்கா. நிற்றலைக் குறிக்கும் பழைய ஸ்லாவிய வினையிலிருந்து வந்த பெண்பெயர். உறுதியானவள், அசையாதவள், குடும்பத்தின் தூண் என்று பொருள். இப்பெயர் கொண்டவர்கள் மிக நல்ல மனைவியர்.”

நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். இறங்கும்போதுதான் மேற்படி முழங்கால். கடைசி வாக்கியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எனக்குத் திருமணம் ஆகவில்லை, ஆகவே அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வாக்கியத்தை நான் மறுக்கிறேன். வினைச்சொல் சரிதான், ஐயா. அந்த வினைக்கு எங்கள் மலைப்பக்கத்தில் வேறொரு வேலை கொடுத்திருக்கிறோம் என்பது தங்கள் பெயரறிஞருக்குத் தெரியவில்லை. ஸ்தான்கா என்றால் ‘நில்’. அதாவது ‘போதும்’. அதாவது, இந்த வீட்டில் இனிமேல் பெண் பிறக்க வேண்டாம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் மூத்த அக்காளின் பெயர் ரூஷா, ரோஜா. அடுத்தவள் விஷ்னியா, புளிப்புச் செர்ரி. மூன்றாமவள் தூனியா, சீமை மாதுளை. நான்காமவள் யகோடா, ஸ்ட்ராபெர்ரி. எங்களுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்த மனிதர் ஓய்வு நேரத்தில் பழமரங்களுக்கு ஒட்டுக்கட்டுபவர், எனவே தோட்டத்தைச் சுற்றிக்கொண்டே வந்தார். ஐந்தாவதாக நான் பிறந்தேன். தோட்டத்தில் இன்னும் மரங்கள் இருந்தன. என் அப்பாவிடம்தான் பொறுமை இல்லை. ஒரு புட்டி ரக்கியாவுடன் அந்த மனிதர் வீட்டுக்குப் போனார், இரண்டு பேருமாகப் புட்டியைக் காலி செய்தார்கள், மறுநாள் நான் ஸ்தான்கா. அந்தச் சொல் எனக்குச் சொன்னதுகூட அல்ல. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கக்கூடிய பெண்களுக்குச் சொன்னது. நான் பிறந்தேன் என்பதைவிட ரயில்வே கேட்டை இறக்கினார்கள் என்பதே சரி. இரண்டு வருடம் கழித்து என் தம்பி பிறந்தான். அவனுக்கு ஷெல்கோ என்று பெயர், அதாவது ஆசைப்பட்டுப் பெற்றவன். அன்று அப்பா துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டார். குறி தவறி பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் பட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்களாம். கேட் நன்றாக வேலை செய்தது என்பதற்காக.

அதுதான் என் தலையெழுத்தைக் கெடுத்தது, ஊருக்கே மருந்து தெரிந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே அதன் பின் மூன்று ஸ்தான்காக்கள். மேல்கிராமத்தில் ஒரு வீட்டில் முதலில் ஸ்தான்கா, பலிக்கவில்லை, அடுத்தவள் ஸ்தானியா, அதுவும் பலிக்கவில்லை, அதற்கடுத்தவள் ஸ்தானொய்கா. மூன்றுக்கும் ஒரே வேர்; காது மந்தமானவரிடம் குரலை உயர்த்திக்கொண்டே போவதுபோல. நான்காவதும் பெண்ணாகப் பிறந்தபோது அந்தத் தகப்பன் அலுவலகத்துக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி வைத்து, “எழுதுங்கம்மா, உங்க இஷ்டத்துக்கு என்னவாவது எழுதிக்குங்க” என்றார். நாடா என்று எழுதினேன். நம்பிக்கை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், என்ன எழுதினேன் என்றுகூடப் பார்க்கவில்லை.

இவ்வளவும் பழைய கதை, இதற்காக நான் தங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் தங்கள் ஆறாம் பக்கத்தால் இப்போது ஒரு குழந்தையின் தலைக்கு ஆபத்து வந்திருக்கிறது, அந்தக் குழந்தைக்கு வயது ஆறு வாரம்.

தாங்கள் பெல்கிரேடிலிருந்து வந்தவர் என்பதால் இதை விளக்கிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு, ராஸ்பெர்ரித் தோட்டக்காரர் மிலிசாவ் என்பவரின் வீட்டுக்கு நான்கு தலைமுறையாகக் கூம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாட்சியாக நிற்பது நாங்கள், அவர்கள் வீட்டில் பிறக்கும் குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்திப் பெயர் சொல்வதும் நாங்கள். கூம் சொல்லும் பெயரைப் பெற்றவர்கள் அங்கே நின்றபடி முதல்முறையாகக் கேட்பார்கள், மறுத்துப் பேசமாட்டார்கள். சட்டத்தில் வேறு மாதிரி இருக்கிறது, எனக்குத் தெரியும், அந்தச் சட்டத்தை முப்பத்தொரு வருடம் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தவள் நான். அதைப் படிக்க எவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. என் தம்பி ஷெல்கோ வியன்னாவில் குடியேறிவிட்டதால் இந்த உரிமை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. மிலிசாவின் மகன் நெபோய்ஷாவுக்கும் மருமகள் பிலியானாவுக்கும் ஏற்கெனவே இரண்டு பெண்கள், யோவானாவும் மாஷாவும். மே மாதம் மூன்றாவது பெண் பிறந்தாள். வரும் ஞாயிறு ஞானஸ்நானம்.

தங்கள் இதழ் வெளிவந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மிலிசாவ் என் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் ரக்கியாப் புட்டி, மறு கையில் தங்கள் ஆறாம் பக்கம், கத்தரித்து, மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு. உறையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காபி வைத்தேன், சர்க்கரைப் பாகில் ஊறிய பழமும் தண்ணீரும் வைத்தேன், அவர் வானிலை, பூச்சிமருந்து, குளிர்ப்பதனக் கிடங்கு எல்லாவற்றையும் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“கூமா, ஒரு யோசனை. சின்னதுக்கு உங்க பேரையே வெச்சிடுங்களேன். உங்க மேல எங்களுக்கு இருக்கிற மரியாதைக்கு.”

“மரியாதையா?”

“பின்னே? தூணு! பாருங்க, அச்சுலயே போட்டிருக்கான்.”

“மிலிசாவ், எதுக்காக இந்தப் பேரு வெப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசல்ல கட்டிக் கிடக்கிற உங்க நாய்க்கும் தெரியும்.”

“அதெல்லாம் அந்தக் காலம், கூமா. இப்ப படிச்சவங்க சொல்றாங்க தூணுன்னு. நான் என்ன கண்டேன், நாலாங்கிளாஸ் படிச்சவன். பத்திரிகையை நம்பணுமா வேண்டாமா?”

“நாலாவது பேத்தி பொறந்தா அவளுக்கும் மரியாதை பண்ணுவீங்களா?”

“ஏன் கூமா நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா” என்றார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அவர் கெட்ட மனிதர் அல்ல என்பதைத் தாங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பேத்திகளை முதுகில் சுமந்துகொண்டு தோட்டத்து வரிசைகளில் ஓடுகிறவர். ஆனால் எட்டு வருடத்துக்கு முன், மூத்த பேத்தி வயிற்றில் இருந்தபோதே, சந்தையில் ஒரு குட்டித் தொப்பி வாங்கிவந்தார், நம் பெரியவர்கள் போடும் அதே சாம்பல்நிறக் கம்பளித் தொப்பி, பேரனுக்கு. அது அவர் வீட்டுக் கூடத்தில் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வாரா வாரம் தூசி தட்டுகிறார். அந்த வீட்டில் பெண்குழந்தைகள் அந்தத் தொப்பியைத் தொடக்கூடாது.

நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, யோசிக்காமல், திங்கட்கிழமை காலையிலேயே பழைய அலுவலகத்துக்குப் போனேன். எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த ரட்மிலா, என்னைக் கண்டதும் ஜன்னலோரம் வைத்திருந்த சாண்ட்விச்சை மறைத்தாள். மரியாதை இன்னும் இருக்கிறது. பதிவேடுகளை இறக்கித் தரச் சொன்னேன். ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து, அக்காள்கள் மட்டுமே உள்ள வீடுகளில் பிறந்து இப்பெயரைப் பெற்றவர்களை எல்லாம் எடுத்தேன். நாற்பத்தாறு பேர். ஸ்தான்காவுக்கு அடுத்து ஆண் பிறந்த வீடுகள் பதினேழு. பெண் பிறந்த வீடுகள் பத்தொன்பது. மிச்சம் பத்து வீடுகளில் அதன் பிறகு குழந்தையே இல்லை, அவற்றால் எந்தப் பக்கமும் நிரூபணம் ஆகாததால் தள்ளிவிட்டேன். ஆக, இந்தப் பெயரை வைப்பதும் வைக்காததும் ஒன்று. வைத்தால் கொஞ்சம் மோசம். இதைக் கட்டம் போட்டுத் தாளில் எழுதி, ரட்மிலாவிடம் முத்திரை குத்தித் தரச் சொன்னேன். எந்த விதியில் குத்துவது என்று கேட்டாள். நான் வேலைக்குச் சேர்த்து விதி கற்றுக்கொடுத்த பெண்.

செவ்வாய்க்கிழமை முத்திரையில்லாத தாளுடன் மிலிசாவின் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். பிலியானா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் தாளை மேசைமேல் விரித்து, உரக்கப் படித்தேன். மிலிசாவ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“பதினேழு பயலுக பொறந்திருக்கானுங்களே கூமா!”

“பத்தொன்பது பொண்ணுங்களும் பொறந்திருக்கு.”

“அங்கெல்லாம் கூம் மனசார வெச்சிருக்க மாட்டாங்க.”

“நான் மட்டும் மனசார வெப்பேனா?”

“நீங்க வெப்பீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதா?”

நான் நெபோய்ஷாவைப் பார்த்தேன், தகப்பன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்வானென்று. “கிடங்குல டிகிரி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்” என்று எழுந்து போனான். அந்த வீட்டில் எப்போது விவாதம் வந்தாலும் அவன் கிடங்கின் வெப்பநிலையைப் பார்க்கப் போவான். மேற்கு செர்பியாவிலேயே மிக ஒழுங்காகக் கண்காணிக்கப்படும் கிடங்கு அதுதான். பிலியானா மட்டும் பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“கூமா, அந்தப் பத்து வீட்டுல என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலம்மா. அதான் சொன்னேனே, அதுக்கப்புறம் குழந்தையே இல்லைன்னு.”

“ஓ” என்றாள். நான் திரும்பி மிலிசாவிடம் என் வாதத்தைத் தொடர்ந்தேன், அரைமணி நேரம், பயனின்றி. கிளம்பும்போது மாஷா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆணியில் தொங்கும் தொப்பியைக் காட்டி, “இது யாரோடது?” என்று கேட்டாள். “இன்னும் வரலை” என்றேன். “எப்ப வருவாங்க?” என்றாள். அவளுக்கு ஐந்து வயது. முத்திரை குத்திய தாளோ குத்தாத தாளோ அதற்குப் பதில் சொல்லாது, ஐயா.

அன்று மாலை வியன்னாவிலிருந்து தம்பி கூப்பிட்டான். மிலிசாவ் அவனிடம் பேசியிருக்கிறார்.

“அக்கா, வெச்சுத் தொலையேன். ஒரு பேருதானே? எதுக்கு வீண் சண்டை?”

“உன் பேருக்கு என்ன அர்த்தம்டா?”

“இப்ப அது எதுக்கு?”

“சொல்லு.”

“ஆசைப்பட்டது…”

“ஆசைப்பட்டதெல்லாம் பேசாம இருக்கட்டும். போதும்னு சொன்னது பேசிக்கிட்டிருக்கு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு இன்னொரு அழைப்பு, ரொட்டிக்கடை ஸ்தான்கா, என்னுடன் பள்ளியில் படித்தவள். “பாத்தியாடி? தூணாம்! இத்தனை வருஷமா என்னை வேலின்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைக் கத்தரிச்சு, சட்டம் போட்டு மாட்டிட்டார், அடுப்புக்கு மேல.” தங்கள் பெயரறிஞர் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணையாவது சந்தோஷப்படுத்தியிருக்கிறார் என்பதை நேர்மையாகக் குறிப்பிடுகிறேன். ஆனால் சட்டத்தின் மேல் எண்ணெய்ப் புகை படியும்.

ஆகவே என் முடிவைத் தங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கிறேன். ஞாயிறன்று தொட்டியருகே சாமியார் “பெயர் என்ன?” என்று கேட்கும்போது, நான் “மலினா” என்று சொல்லப்போகிறேன். ராஸ்பெர்ரி. நான் பிறந்த காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் ராஸ்பெர்ரி பயிராகவில்லை. இப்போது மலையடிவாரம் முழுவதும் அதுதான். மிலிசாவ் விடிந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான், ஆலங்கட்டி மழை என்றால் மனிதர் போர்வையோடு ஓடுகிறார். தன் பேத்தியை அந்தப் பெயரால் கூப்பிட வேண்டியிருந்தால் அவர் எப்படிக் கடுமையாகக் கூப்பிடுவார் என்று பார்த்துவிடுகிறேன். சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவர் தாடியைத் தடவினார்.

“மலினான்னு ஒரு புனிதர் இருக்காங்களாம்மா?”

“ஸ்தான்கான்னு ஒருத்தர் இருக்காங்களா சாமி?”

“அது… வழக்கம்.”

“வழக்கப்படி பேர் சொல்றது கூம். தண்ணி ஊத்துறது நீங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க, சாமி.”

அறுபத்திரண்டு வயதில் நான் எவருக்கும் பயப்படுவதாக இல்லை. அவர்கள் எங்கள் கூம் உறவை முறித்துக்கொண்டாலும் சரி, ஊரே என் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி. இன்னொரு பெண்குழந்தையின் கழுத்தில் அந்த ‘நில்’ பலகையை நான் மாட்டமாட்டேன். ஆனால் மிலிசாவின் கையில் தங்கள் காகிதம் இருக்கும்வரை ஊர் அவர் பக்கம். எனவே, வெள்ளிக்கிழமை வெளிவரும் தங்கள் சிறப்பிதழில், அதே ஆறாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கீழ்க்கண்ட திருத்தத்தை வெளியிடுமாறு கோருகிறேன், வேண்டவில்லை, கோருகிறேன்: “ஸ்தான்கா என்ற பெயருக்கு எங்கள் பகுதியில் ‘நில், பெண்கள் போதும்’ என்று பொருள். தூண் அல்ல. தவறுக்கு வருந்துகிறோம். அந்தப் பெயரைச் சுமப்பவர்களிடம் தனியாகவும் வருந்துகிறோம்.” ஒரு சொல் குறைந்தாலும் நான் அடுத்த பேருந்தில் நேரில் வருவேன். எனக்கு ஓய்வூதியர் சலுகை உண்டு.

தங்கள் குடும்பத்தில் எல்லாரும், விரும்பிப் பிறந்தவர்களும் விரும்பாமல் பிறந்தவர்களும், நீண்டநாள் நோயின்றி வாழட்டும். தங்கள் மேசையில் மை வற்றாதிருக்கட்டும். தங்கள் பெயரறிஞருக்கு நல்ல கண்ணாடி கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்தான்கா வுயோவிச்,
முன்னாள் பதிவாளர்.

பின்குறிப்பு, ஜூன் 23, திங்கட்கிழமை: இந்தக் கடிதம் வியாழனன்றே தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. எழுதியதைக் கிழிப்பது என் வழக்கமல்ல என்பதால் கிழிக்கவும் இல்லை. ஓரத்தில் குறிப்பு எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை நான் உறைக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது பிலியானா வந்தாள். குழந்தையை என் கட்டிலில் கிடத்திவிட்டு உட்கார்ந்தாள். நான் தைரியம் சொன்னேன், மலினா விஷயத்தையும் சொன்னேன், இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தும் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

“அனுப்பாதீங்க கூமா.”

“ஏம்மா? பயமா?”

“இல்ல. ஸ்தான்கான்னே வைங்க.”

நான் பேனாவை மூடினேன்.

“எனக்கு மூணு சிசேரியன் ஆயிடுச்சு கூமா. டாக்டர் சொல்லிட்டார், நானும் முடிவு பண்ணிட்டேன், ஆஸ்பத்திரியிலேயே செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. நெபோய்ஷாவுக்குத் தெரியும். அதான் அவர் அடிக்கடி டிகிரி பாக்கப் போறார். மாமாகிட்ட சொன்னா உடைஞ்சு போயிடுவார், இல்லேன்னா சாமியாரைக் கூட்டிக்கிட்டு வருவார். ஸ்தான்கான்னு வெச்சா அவர் சந்தோஷமாக் காத்துக்கிட்டிருப்பார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், அஞ்சு வருஷம். என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பேருதான் வேலை செய்யுதேன்னு விட்டுடுவாங்க.”

“நாலாவதே வரலேன்னா?”

“உங்க தாள்ல பத்து வீடு இருந்ததே கூமா. அந்தப் பத்து அம்மாமாரும் சும்மாவா இருந்திருப்பாங்க?”

முப்பத்தொரு வருடம் அந்தப் பதிவேடுகளை எழுதியவள் நான். அந்தப் பத்து வீடுகளை நிரூபணம் ஆகாதவை என்று தள்ளியவளும் நான்தான். அதோடு, இந்தப் பெயர் விஷயமாக நான்கு நாள் ஊரெல்லாம் அலைந்து, பதிவேட்டையும் சாமியாரையும் பத்திரிகையையும் கேட்டேனே தவிர, பெற்றவளைக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “உன் பொண்ணு பெரியவளாகி அர்த்தம் கேட்டா?” என்றேன். “அவதான் என்னோட கடைசிப் பிரசவம்னு சொல்லுவேன். நான் நிறுத்தினேன், அதுக்கு அவ பேரு சாட்சின்னு சொல்லுவேன்” என்றாள். பிறகு, “உங்களுக்கு உங்க பேரு பிடிக்காதா கூமா?” என்று கேட்டாள். அறுபத்திரண்டு வருடத்தில் இதை எவரும் கேட்டதில்லை. எழுந்து போய்க் காபி வைத்தேன்.

ஞாயிறன்று சாமியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடியே பெயர் கேட்டார். ஸ்தான்கா என்றேன். “நல்லாத் தெரியுமா?” என்றார். “தண்ணியை ஊத்துங்க சாமி” என்றேன். மிலிசாவ் என்னை மூன்று முறை முத்தமிட்டார், அழுதார், விருந்தில் எழுந்து நின்று அடுத்துப் பிறக்கப்போகும் பேரனுக்கு வுகாஷின் என்று பெயர் வைக்கப்போவதாக எல்லாருக்கும் அறிவித்தார். பிலியானா அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆட்டுக்கறி வைத்தாள். நெபோய்ஷா கிடங்கைப் பார்க்கப் போகவில்லை.

ஆகவே, ஐயா, மேலே கோரிய திருத்தத்தை வெளியிட வேண்டாம். இந்தக் கடிதத்தையும் வெளியிட வேண்டாம். வெளியிட்டால் நான் மேற்படி பேருந்தில் வருவேன். தங்கள் பெயரறிஞர் எழுதியது முழுக்கச் சரி என்று ஒரு வரி போட்டால் நல்லது. தூண் என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடவும்.

இன்று காலை ரட்மிலா பெயரைப் பதிவேட்டில் எழுதினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எழுத்து சாய்கிறது. திரும்பும் வழியில் மிலிசாவின் தோட்டத்தில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. வெயில் அதிகம். யோவானா அந்தச் சாம்பல்நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். தொப்பி அவள் தலைக்குச் சரியாக இருக்கிறது.